ஒரு தடம் தள்ளி

சட்டத்தின் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இவள் ஏதோ வயிற்றெரிச்சலில் பேசுகிறாள் என்பார்கள். ரோட்டோரம் ஒரு வண்டி பழுதாகி நின்றால், தாண்டிப் போகிறவர்கள் வேகத்தைக் குறைக்க வேண்டும், ஒரு தடம் தள்ளிப் போக வேண்டும். அவ்வளவுதான் சட்டம். வெளியூர் போகும் பிள்ளைக்கு அம்மா சொல்லி அனுப்புகிற புத்திமதி மாதிரி இருக்கிறது. யார் வேண்டாம் என்றது?

அப்புறம் அந்த ஒரு வரியை நடத்துவதற்கு ஒரு துறையை வைத்தார்கள். நின்ற வாகனத் துறை என்று பெயர். நான்கு மாடிக் கட்டடம், ஒரு இயக்குநர், பதினாறு ஆய்வாளர்கள், அறுபத்து நான்கு பக்கத்தில் ஒரு விதிப் புத்தகம். அந்தப் புத்தகத்தை முழுசாகப் படித்தவர் எனக்குத் தெரிந்து ஒரே ஒரு மனிதர். அவருக்கு நான் கழுத்தை நீட்டி இருபத்திரண்டு வருஷம் ஆகிறது.

என் வீட்டுக்காரர் சட்டத்துக்குப் பயந்தவர். ஆளில்லாத ரோட்டில்கூட சிவப்பு விளக்கு மாறும்வரை நிற்பார். நாங்கள் கர்ட்டன் தைக்கிறவர்கள். நான் வீட்டில் தைப்பேன், அவர் வேனில் எடுத்துப் போய் கம்பி அடித்து மாட்டிவிட்டு வருவார். அந்த வியாழக்கிழமை ஒரு பள்ளிக்கூட ஹாலுக்குப் பதினெட்டு கர்ட்டன் ஏற்றிக்கொண்டு போனவர், பைபாஸில் நாற்பத்தொன்றாவது கிலோமீட்டர் கல்லுக்குப் பக்கத்தில் ஃபேன் பெல்ட் அறுந்து நின்றுவிட்டார்.

என் தம்பி மெக்கானிக். அவனுக்கு ஒரு போன் அடித்திருந்தால் பத்து நிமிஷ வேலை. இவர் யாருக்கு அடித்தார் தெரியுமா? கிலோமீட்டர் கல்லுக்குப் பக்கத்தில் துறை ஒரு பலகை வைத்திருந்தது. 'வண்டி நின்றுவிட்டதா? தயங்காமல் தெரிவியுங்கள்' என்று போட்டு ஒரு நம்பர். விதிப் புத்தகம் படித்த மனிதராயிற்றே, தயங்காமல் தெரிவித்தார்.

ஆய்வாளர் இருபது நிமிஷத்தில் வந்துவிட்டார். ஒரு அரசாங்க ஆள் இருபது நிமிஷத்தில் வந்தால் அங்கேயே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். இவருக்கோ உச்சி குளிர்ந்துவிட்டது. "பாத்தியா, நீதான் எப்பவும் குறை சொல்லுவே" என்று எனக்குப் போனில் சொன்னார்.

மஞ்சள் சட்டை போட்ட அந்த ஆய்வாளர் ரோட்டுக்குள் இறங்கவில்லை. தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம், புல்லில் நின்றபடியே எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். வண்டி நின்றிருக்கிறது என்று சான்று கொடுத்தார். சான்று இல்லாமல் நிற்கிற வண்டி சட்டப்படி நின்ற வண்டி ஆகாதாம். அதற்கு யாரும் ஒதுங்க வேண்டியதில்லையாம். சான்று கொடுத்த கையோடு வேனின் சாவியையும் நம்பர் பலகையையும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

"பத்திரமா இருக்கும் சார். இப்ப உங்க வண்டிக்கு நாப்பது தப்படி பின்னால ஒரு சிவப்பு முக்கோணம் வைக்கணும். விதி ஒன்பது."

"தெரியும் சார். படிச்சிருக்கேன்."

"படிச்சிருக்கீங்களா?" ஆய்வாளர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப உங்களுக்குச் சுலபமாப் புரியும். முக்கோணம் ஸ்டாக் இல்ல. மூணு வருஷமா இல்ல. அது வர்ற வரைக்கும் வண்டிக்காரரே அந்த இடத்துல நிக்கணும். உயரம் எவ்வளவு?"

"அஞ்சடி ஆறங்குலம்."

அதைச் சான்றிதழில் எழுதிக்கொண்டார். முக்கோணத்தின் உயரம், ஐந்தடி ஆறு அங்குலம். சிவப்புத் துணிக்கு வண்டிக்காரரே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும் என்றார். இவர் உடனே எனக்குப் போன் போட்டு, "வீட்டுல சிவப்புத் துணி இருக்கா?" என்று கேட்டார். இருந்தது. ஒரு நாடகக் கொட்டகைக்கு வாங்கியதில் மிச்சம். என்ன ஏதென்று புரியாமல் நான்தான் என் கையாலேயே வெட்டி, மேலே கூர்மையாகவும் கீழே அகலமாகவும் ஒரு அங்கி தைத்து, ஓரத்துக்கு மினுமினுக்கிற பட்டி வைத்து, தம்பியின் பைக்கில் ஏறிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். நன்றாகத்தான் வந்திருந்தது. தைத்தவள் சொல்கிறேன்.

அங்கே போய்ச் சேர்ந்ததும் தம்பி பெல்ட்டை மாட்டினான். சாவி இல்லாமலே எப்படியோ இன்ஜினை ஓடவிட்டான். ஓடிய சத்தத்தைக் கேட்டு ஆய்வாளர் புல்லில் இருந்து கையை ஆட்டினார்.

"நிறுத்துங்க. அது நின்ற வண்டி."

"சரியாயிடுச்சு சார்" என்றான் தம்பி.

"சரியாகலாம். ஆனா நின்ற வண்டின்னு நான் கையெழுத்துப் போட்டிருக்கேன். அது ஓடுச்சுன்னா நான் பொய்க் கையெழுத்துப் போட்டேன்னு ஆகும். ஓடும் சான்று வாங்கிட்டு வாங்க, நானே சாவியைத் தர்றேன்."

"எங்க வாங்கணும்?"

"ஆபீஸ்ல. வண்டியை அங்க ஓட்டிட்டுப் போய்க் காட்டணும்."

தம்பி என்னைப் பார்த்தான். நான் ஆய்வாளரைப் பார்த்தேன். அவர் முகத்தில் கேலி எதுவும் இல்லை. இழுவை வண்டி வைத்து இழுத்துப் போகிறோம் என்றேன். இழுவை வண்டி வந்து நின்றால் அதுவும் ஒரு நின்ற வண்டி, அதற்குத் தனிச் சான்று என்றார். விட்டுவிட்டு வீட்டுக்குப் போனால்? நின்ற வண்டியை நிராதரவாக விட்ட குற்றம், ஆறு மாசம் உள்ளே. என் தம்பி மாற்றி மாற்றி நிற்கிறேன் என்றான். அவன் ஐந்தடி பத்து அங்குலம், சான்றிதழில் இருக்கிற உயரத்துக்கு ஒத்துவரவில்லை.

என் வீட்டுக்காரர் அங்கியை மாட்டிக்கொண்டு நாற்பது தப்படி எண்ணி நடந்து போய் நின்றார். "ரெண்டு நாள்ல சரியாயிடும். நீ டென்ஷன் ஆகாதே" என்றார்.

ரெண்டு நாள் நான்கு நாளாயிற்று. காலை ஆறு மணியிலிருந்து இருட்டும்வரை நிற்பார். அதற்கப்புறம் வேனுக்குள் கர்ட்டன் மூட்டைகளின் மேல் படுத்துக்கொள்வார். நான் தினமும் பஸ் பிடித்துச் சாப்பாடும் ஒரு பெரிய கேனில் தண்ணீரும் கொண்டுபோவேன். முதலில் அவருக்கு அதில் ஒரு பெருமைகூட இருந்தது. அதைச் சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது. "நேத்து முந்நூத்துப் பன்னெண்டு வண்டி முறைப்படி ஒதுங்குச்சு" என்பார். ஒதுங்காதவற்றைச் சொல்ல மாட்டார். ஆனால் நான் உட்கார்ந்து பார்த்தேனே. லாரிகள் அவரை உரசினாற்போல் போகும். ஒவ்வொரு தடவையும் அங்கி படபடவென்று அடித்துக்கொள்ளும், அவர் கண்ணை இறுக மூடிக்கொள்வார்.

ஐந்தாம் நாள் நான் துறையின் ஆபீஸுக்குப் போனேன். மூன்றாவது மாடி வராந்தாவில், நட்ட நடுவில், ஒரு கால் உடைந்த நாற்காலி கிடந்தது. அதன் மேல் 'ஒதுங்கிச் செல்லவும்' என்று ஒரு அட்டை. பைல் சுமந்து போகிற ஒவ்வொருவரும் அந்த இடம் வந்ததும் நடையைக் குறைத்து, சுவரோரமாக ஒதுங்கிப் போனார்கள். ஆறு வருஷமாக அப்படித்தான் கிடக்கிறதாம். அதை எடுத்துப் போட யாருக்கும் தோன்றவில்லையா என்று கேட்டேன். கேட்கக்கூடாததைக் கேட்ட மாதிரி பார்த்தார்கள்.

கவுன்டரில் ஒரு அம்மா ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தார். நல்ல மாதிரி. என்னை உட்காரச் சொல்லி, ஒரு பெரிய ரிஜிஸ்டரைப் புரட்டினார்.

"நாப்பத்தொண்ணாவது கிலோமீட்டர். ஆமா, இருக்கு. முக்கோணம் நல்ல நிலைமையில இருக்குன்னு போட்டிருக்கு. சந்தோஷப்படுங்க."

அவர் விரலுக்குக் கீழே இருந்த மற்ற வரிகளையும் நான் படித்துவிட்டேன். தையல்காரியின் கண், சின்ன எழுத்தெல்லாம் தெரியும். ஏழாவது கிலோமீட்டர், முக்கோணம் சேதம். இருபத்தாறாவது கிலோமீட்டர், முக்கோணம் சேதம். முப்பதாவது கிலோமீட்டர், முக்கோணம் முழுச் சேதம், அப்புறப்படுத்தப்பட்டது.

"ஏம்மா, மூணு வருஷமா முக்கோணமே ஸ்டாக் இல்லன்னாங்களே. அப்ப எது சேதமாச்சு?"

ஊசி நின்றது. அந்த அம்மா இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, குரலை இறக்கிக்கொண்டார்.

"முப்பதாவது கிலோமீட்டர்ல நின்னவர் குழாய் ரிப்பேர் பண்றவர். அவர் பொஞ்சாதியும் இப்படித்தான் வந்து இதே நாற்காலியில உக்காந்திருந்துது. எழுதறதுக்கு வேற பத்தி இல்லம்மா. வண்டி, முக்கோணம், விளக்கு, அவ்வளவுதான் ரிஜிஸ்டர்ல. ஆளுன்னு ஒரு பத்தி கிடையாது." பிறகு பின்னலை மறுபடி எடுத்துக்கொண்டு, "நீங்க ஒண்ணும் கேக்கல, நான் ஒண்ணும் சொல்லல" என்றார்.

நான் எப்படிப் படி இறங்கினேன் என்று எனக்கே தெரியாது. அந்த உடைந்த நாற்காலியை மட்டும் நானும் சுவரோரமாக ஒதுங்கித்தான் தாண்டினேன்.

இதை நான் என் வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. சொல்லி என்ன செய்ய? அவர் அங்கேயேதான் நிற்க வேண்டும். ஆனால் மறுநாளே ஒரு லாரியின் பக்கக் கண்ணாடி அவர் தோளில் தட்டிவிட்டுப் போனது. அவர் அரை வட்டம் சுற்றி விழுந்து, எழுந்து, உடனே பழைய இடத்தில் போய் நின்றார். நான் ஓடினேன். ஆய்வாளர் புல்லில் இருந்து நோட்டில் எழுதினார். முக்கோணம் சாய்ந்தது, மீண்டும் நிமிர்த்தப்பட்டது.

"நேரா நிக்கச் சொல்லுங்கம்மா. சாஞ்சா தூரத்துலேர்ந்து வேற வடிவமாத் தெரியும்" என்றார்.

"தோள்பட்டை வீங்கியிருக்கு சார். டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போகணும்."

"நியாயம்தான். ஆனா பாருங்க, டாக்டர் சீட்டு குடுக்கறது மனுஷனுக்கு. எனக்கு முக்கோணம் ரிப்பேர்னு சீட்டு வேணும். அதை எந்த டாக்டர் குடுப்பார்?"

அன்றையிலிருந்து என் வீட்டுக்காரர் ஒதுங்கிய வண்டிகளை எண்ணுவதை நிறுத்திவிட்டார். சாப்பிடும்போது சோற்றைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்தபடியே சாப்பிட்டார். "நான் ஒண்ணும் தப்பா செய்யலியே. செஞ்சேனா?" என்று கேட்டார். அந்த மனிதரைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது, கோபம் யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

எட்டாம் நாள் விழா வைத்தார்கள். ரோட்டின் எதிர்ப்பக்கம், பத்திரமாக மேட்டின் மேல், பந்தல், நாற்காலி, மைக். துறையின் இயக்குநர் வந்திருந்தார். நல்ல நிறம், நல்ல குரல். அவருக்குப் பின்னால் வண்டிகள் சர் சர்ரென்று போய்க்கொண்டிருக்க, அவர் பேசினார்.

"பொதுமக்களே, இந்தச் சாலையில் நின்ற வண்டிகளின் மீது போன வருஷம் முப்பத்தொரு மோதல்கள். இந்த வருஷம் சான்று பெற்ற வண்டி ஒன்றின் மேல் ஒரு கீறல்கூட விழவில்லை. எப்படிச் சாதித்தோம்? வருகிற வண்டி, நின்ற வண்டியை அடைவதற்கு நாற்பது தப்படி முன்பே முக்கோணத்தை அடைந்துவிடுகிறது. வண்டி தப்பிக்கிறது. இதுதான் நம் துறையின் வெற்றி. பழுதான வண்டியைச் சரிசெய்து அனுப்பிவிடலாமே என்று சிலர் கேட்கிறார்கள். நான் அவர்களைக் கேட்கிறேன். எல்லா வண்டியும் ஓடிவிட்டால் மக்கள் எதைப் பார்த்து ஒதுங்குவார்கள்? ஒதுங்கும் பண்பு எப்படி வளரும்? பதினாறு ஆய்வாளர்கள் எங்கே போவார்கள்? ஆகவே இந்த வருஷம் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஒரு நின்ற வண்டி என்பதே நம் இலக்கு."

கை தட்டினார்கள். பந்தலில் இருந்தவர்களோடு எதிர்ப்பக்கம் நின்ற என் வீட்டுக்காரரும் தட்டப் போனார், ஒரு கையை உயர்த்த முடியாததால் விட்டுவிட்டார்.

விழா முடிந்ததும் இயக்குநர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். அங்கியை யார் தைத்தது என்று கேட்டார். நான்தான் என்றேன். மடிப்பு நன்றாக விழுந்திருக்கிறது, தூரத்திலிருந்து அச்சாக முக்கோணமாகவே தெரிகிறது என்று பாராட்டினார். "இன்னும் இருபது தைச்சுக் குடுங்கம்மா. பல அளவுல வேணும்" என்றார். இவர் எப்போது வீட்டுக்கு வருவார் என்று நான் கேட்டதற்கு, அருமையான கேள்வி என்று சொல்லிக் காரில் ஏறிவிட்டார்.

பதில் சொன்னது ஆய்வாளர்தான். கார் போனதும் கம்பியின் மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு, ரகசியம் சொல்கிற தோரணையில் சொன்னார்.

"உங்களைப் பார்த்தா பாவமா இருக்கு, அதனால சொல்றேன். இந்தக் கிலோமீட்டர் காலியா இருக்கக்கூடாது, அவ்வளவுதான் விஷயம். இதே கிலோமீட்டர்ல இன்னொரு வண்டி நின்னு, யாராவது போன் பண்ணித் தெரிவிச்சா, பழைய வண்டி தானா விடுதலை. விதி நாப்பத்தி மூணு. உங்க வீட்டுக்காரர் படிச்சிருப்பாரே."

படித்துத்தான் இருக்கிறார். கேட்டபோது தலையைக் குனிந்துகொண்டு, "தெரியும்" என்றார். "அதை எப்படி ஆசைப்படறது? இன்னொருத்தன் வண்டி நிக்கணும்னு வேண்டிக்கவா முடியும்?"

அவர் வேண்டிக்கொள்ளவில்லை. நான் வேண்டிக்கொண்டேன். மூன்று நாள், வேனின் நிழலில் உட்கார்ந்து, வருகிற ஒவ்வொரு பழைய வண்டியையும் நில்லு, நில்லு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன். டயரில் காற்று குறைந்த வண்டி, புகை கக்குகிற வண்டி, எதையும் விடவில்லை. முப்பதாவது கிலோமீட்டர்க்காரரின் பொண்டாட்டியும் இப்படி உட்கார்ந்திருப்பாளா என்று நினைத்துக்கொள்வேன். நினைத்ததை உடனே தள்ளிவிடுவேன்.

பதினோராம் நாள் காலை, எங்கள் வேனுக்கு இருநூறு தப்படி முன்னால், கூரையில் ஏணி கட்டிய ஒரு சின்னக் கார் புகை விட்டுக்கொண்டு ஓரம் கட்டியது. ஒரு பையன் இறங்கினான். இருபத்தைந்து வயசிருக்கும். சட்டையெல்லாம் பெயின்ட். கூடவே அவன் பொண்டாட்டி, அவள் சட்டையிலும் பெயின்ட். சுவருக்கு வர்ணம் அடிக்கிற ஜோடி. அவன் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு நேராக எங்களிடம் ஓடி வந்தான்.

"அண்ணே, ஒண்ணுமில்ல, ரேடியேட்டர்ல தண்ணி வத்திப்போச்சு. கொஞ்சம் தண்ணி இருந்தா ஊத்திட்டுக் கிளம்பிடுவேன். இருக்கா?"

அன்று காலைதான் கேனை நிரப்பிக் கொண்டுவந்திருந்தேன். இருபது லிட்டர். வேனில் சீட்டுக்குப் பின்னால் இருந்தது. அது எனக்குத் தெரியும், என் வீட்டுக்காரருக்கும் தெரியும். அவர் வாயைத் திறந்தார்.

"தண்ணி தீந்துடுச்சுப்பா" என்றேன் நான்.

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். இருபத்திரண்டு வருஷத்தில் அப்படி ஒரு பார்வை பார்த்ததில்லை. நான் அவர் தோளைப் பார்த்தேன். ஊதிப்போய் ஒரு பக்கமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அப்போது ஒரு லாரி வந்தது. வழக்கம்போல உரசிக்கொண்டு போனது. அவர் கண்ணை மூடித் திறந்தார். திறந்தபோது வாயையும் மூடிக்கொண்டார்.

"பரவாயில்லக்கா" என்றான் பையன். "வர்ற வண்டி எதையாவது நிறுத்திக் கேட்டுக்கறேன்."

"ரோட்டுக்குள்ள போகாதே தம்பி, ஆபத்து" என்றேன். நிஜமாகவே அக்கறையோடுதான் சொன்னேன், அதை நம்பினால் நம்புங்கள். "இந்தா, பலகையில நம்பர் போட்டிருக்கு பாரு. உதவிக்கு ஆள் வரும். நானே போன் பண்றேன்."

அவன் பொண்டாட்டிகூட தூரத்தில் இருந்து கும்பிட்டாள். நான் நம்பரை அழுத்தினேன். தயங்கவில்லை.

ஆய்வாளர் இருபது நிமிஷத்தில் வந்தார். அந்தப் பையனின் உயரத்தைக் கேட்டு எழுதிக்கொண்டார். சாவியை வாங்கினார். நம்பர் பலகையைக் கழற்றித் தரச் சொன்னார். பையன் சிரித்தபடியே எல்லாவற்றையும் கொடுத்தான், பத்து நிமிஷ வேலை என்றுதான் அவனுக்கு நினைப்பு. ஆய்வாளர் எங்கள் சாவியையும் நம்பர் பலகையையும் என் கையில் வைத்து, "இனிமே ஜாக்கிரதையா இருங்கம்மா" என்றார். என் வீட்டுக்காரர் அங்கியைக் கழற்றினார். ஒரு கை தூக்க வராததால் நான்தான் தலை வழியாக உருவினேன். ஆய்வாளர் கம்பிக்கு அந்தப் பக்கம் இருந்து கையை நீட்டினார். கொடுத்துவிட்டேன்.

அந்தப் பெண் என்னிடம் ஓடி வந்தாள். "அக்கா, உங்களை எப்படி விட்டாங்க? எவ்வளவு நேரம் ஆச்சு?" என்று கேட்டாள்.

"தானா விட்டுடுவாங்கம்மா" என்று சொல்லிவிட்டு வேனில் ஏறிக்கொண்டேன்.

என் வீட்டுக்காரர் ஒற்றைக் கையால் ஸ்டியரிங்கைப் பிடித்தார். இன்ஜின் முதல் திருப்பிலேயே பிடித்துக்கொண்டது. சீட்டுக்குப் பின்னால் கேனில் தண்ணீர் களக் களக்கென்று ஆடியது.

முன்னால் அந்தப் பையன், தன் காருக்கு நாற்பது தப்படி பின்னால், என் தையலைப் போட்டுக்கொண்டு நின்றிருந்தான். எங்களுக்கு முன் போன ஒரு லாரியும் இரண்டு கார்களும் அவனைச் சட்டை செய்யாமல் பறந்தன. என் வீட்டுக்காரர் வேகத்தைக் குறைத்தார். கண்ணாடியில் பின்னால் பார்த்தார். விளக்குப் போட்டார். ஒரு தடம் தள்ளி, மெதுவாக, புத்தகத்தில் போட்டிருக்கிற மாதிரியே தாண்டினார்.

தனக்காக ஒதுங்கிய முதல் வண்டி அதுதான் போலிருக்கிறது. பையன் முகம் மலர்ந்து, நன்றி என்று எங்களைப் பார்த்துக் கையை உயர்த்தினான். புல்லில் நின்ற ஆய்வாளர் அவனைப் பார்த்து ஏதோ சொன்னார். அவன் கையை இறக்கிக்கொண்டு நேராக நின்றான்.